கொத்து புரோட்டா முறையில் ஒரு ஸ்டீல்

ஓ.டி.எஸ். ஸ்டீல்னு தேடிப் பாருங்க. எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு பலம்னு பக்கம் பக்கமா வரும். எப்படிச் செய்றாங்கன்னு கேட்டா மட்டும் ஒரு ஃப்ளோ சார்ட்: பவுடர், மில், எக்ஸ்ட்ரூஷன், ட்யூப். நாலு பெட்டி, மூணு அம்புக்குறி. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க அந்த ரெண்டாவது பெட்டிக்குள்ளயே போயிடுச்சு. வேற டிபார்ட்மென்ட்காரங்களும் தைரியமா படிக்கலாம்.

கல்பாக்கத்துல இருக்கிற 500 மெகாவாட் வேக ஈனுலையில, எரிபொருளைச் சுத்தி இருக்கிற ஸ்டீல் குழாயோட விட்டம் 6.6 மி.மீ., சுவர் 0.45 மி.மீ. நியூட்ரான் அடிக்க அடிக்க ஆஸ்டெனிட்டிக் ஸ்டீல் உப்பிப் போகும். ஃபெரிட்டிக் ஸ்டீல் அவ்வளவா உப்பாது, ஆனா 600 டிகிரி பக்கம் போனா தளர்ந்துடும். அதுக்குள்ள சில நானோமீட்டர் அளவுல யிட்ரியம் ஆக்சைடு துகள்கள் பரவி இருந்தா தளர்ச்சி குறையும். எடையில வெறும் 0.35 சதவீதம் போதும்.

சரி, உருக்கிக் கலந்துடலாமேன்னு தோணும். முடியாது. ஆக்சைடு ஸ்டீலை விட லேசு. உருகின இரும்போட ஒட்டாம, ஒண்ணா திரண்டு, ரசத்துல எண்ணெய் மாதிரி மேல வந்துடும்.

1960கள்ல இன்கோ கம்பெனியில ஜான் பெஞ்சமின் நிக்கல் கலவைகளுக்காக ஒரு வழி கண்டுபிடிச்சார்: உருக்கவே வேண்டாம், இடிச்சே கலக்கலாம். ஸ்டீல் குண்டுகளோட பவுடரையும் போட்டுச் சுத்தினா, ரெண்டு குண்டுக்கு நடுவுல மாட்டுற துகள் தட்டையாகும், பக்கத்துத் துகளோட ஒட்டும், உடையும், மறுபடி ஒட்டும். கொத்து புரோட்டாவேதான். அடுக்கு அடுக்கா இருக்கிறதைக் கொத்தி, அமுக்கி, மறுபடி கொத்தி, மணிக்கணக்கா. கடைசியில அடுக்கே கண்ணுக்குத் தெரியாது.

எங்க லேப் மில் அரை மணி நேரம் ஓடினா அரை மணி நேரம் ஆறணும். உள்ள ஆர்கான் இல்லேன்னா பவுடர் காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கும். 0.35 சதவீதம் போட்டா எக்ஸ்.ஆர்.டி.யில ஒண்ணும் தெரியாதுன்னு 5 சதவீதம் போட்டோம். 40 மணி நேரத்துல யிட்ரியா பீக் காணாம போச்சு! துள்ளிக் குதிச்சோம். கைடு மெதுவா கேட்டார்: "கரைஞ்சிடுச்சா, இல்ல எக்ஸ்-ரேக்குத் தெரியாத அளவு நொறுங்கிடுச்சா?" இதுவரைக்கும் எங்ககிட்ட பதில் இல்ல.

அடுத்த பெட்டி: பவுடரை ஸ்டீல் டப்பாவுல அடைச்சு, காத்தை உறிஞ்சி, 1100 டிகிரிக்கு மேல சூடாக்கி அச்சு வழியா தள்ளுவாங்க. மில்லுல இரும்புக்குள்ள கரைஞ்சது இப்பதான் பொடித் துகளா திரும்ப வெளிய வரும். கொஞ்சம் டைட்டானியம் சேர்த்தா அது பெருசாகாம சின்னதாவே நிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நாலாவது பெட்டி. குழாயைக் குளிர்ந்த நிலையில உருட்டி மெல்லிசாக்கும்போது கிரெயின் எல்லாம் மூங்கில் நார் மாதிரி நீளவாக்குல நீண்டுடும். உள்ள சேருற வாயு அழுத்தம் குழாயைப் பக்கவாட்டுல தள்ளும். மூங்கில் எப்படிப் பிளக்கும்னு உங்களுக்கே தெரியும். குரோமியம் 9 சதவீதம் அளவுல இருந்தா, ஸ்டீலைச் சூடாக்கி ஆஸ்டெனைட்டா மாத்தித் திரும்பக் கொண்டுவரலாம், கிரெயினும் உருண்டையாகும். 9 குரோமியம் வகையை எடுக்கிறதுக்கு இது பெரிய காரணம். செய்முறைதான் கலவையையே முடிவு பண்ணுது. நம்ம சிலபஸ்ல இது தலைகீழா இருக்கும்.

குழாய் முனையை மூடுறதும் வம்புதான். சாதாரண வெல்டிங்ல உருகினா ஆக்சைடு மறுபடி திரண்டுடும், அத்தனை மணி நேர இடியும் வீண். அதனால கரன்ட் விட்டு, உருகாம அழுத்தியே ஒட்டுறாங்க.

கல்பாக்கம் ஐ.ஜி.கார், ஹைதராபாத்ல ஏ.ஆர்.சி.ஐ., என்.எஃப்.சி. மூணும் சேர்ந்து இந்த முறையில குழாய் செஞ்சிருக்காங்க. ஆனா இப்ப ரியாக்டருக்குன்னு இருக்கிறது டி9ங்கிற ஆஸ்டெனிட்டிக் ஸ்டீல்தான்.

ஜூலையில நான் ஒரு ஐ.டி. கம்பெனியில சேர்றேன். கைடு கேட்ட கேள்வி லேப்லயே இருக்கு. லாக் புக் மில்லுக்குப் பக்கத்து அலமாரியில, ரெண்டாவது தட்டு. மூணாவது வருஷத்துல யாராவது எடுத்துக்கிறீங்களா? ஆர்கான் சிலிண்டர் பாதிக்கு மேல இருக்கு.