வளைந்த தகடும் வளையாத மனமும்

எழுதுகோல் பிடிக்கும் கைக்குச் சம்மட்டி பிடிப்பது இழிவு என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அவ்வெண்ணத்தைப் பிறரிடத்தில் கண்டு பன்முறை கண்டித்துப் பேசியுள்ள நாமே, அது நமதுள்ளத்தின் ஒரு மூலையில் சுகமாகக் குடியிருப்பதை அண்மையில் ஓர் இரும்புத் தகட்டின் வாயிலாக அறிந்துகொண்டோம். அன்பர்களுக்கும் பயன்படக்கூடுமென்று கருதி அதனை ஈண்டு எழுதத் துணிகிறோம்.

நாம் கிராணி வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆபீசுக்கும் லயங்களுக்கும் பொதுவாக ஒரு ஜீப் வண்டி உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு, பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றபொழுது நாமும் உடனிருந்தோம். மழைநீர் அரித்த செம்மண் பாதையில் துருத்தி நின்ற கல்லொன்று வண்டியின் அடிவயிற்றில் மோதிற்று. எஞ்சினுக்குக் கீழுள்ள எண்ணெய்த் தொட்டி உடைந்தது. எண்ணெய் முழுதும் மண்ணில் வழிந்தது. எண்ணெயின்றி எஞ்சினை ஓட்டினால் அது சில நிமிஷங்களில் இறுகிப் பாழாகும். பெரிய சாலைக்கோ இன்னும் 4 கிலோமீட்டர். அவ்வழியே வந்த அண்டைத் தோட்டத்து லாரி அப்பெண்ணை ஏற்றிச் சென்றது; தாயும் சேயும் பிழைத்தனர். சிலர் அதனைத் தெய்வாதீனம் என்றனர். நாமோ அந்த லாரிக்காரரின் நல்லுள்ளம் என்போம்.

வண்டியோடு வந்த அடிக்காப்பு மெல்லியது. அது நகரத்துத் தெருவுக்குப் போதும்; தோட்டத்துப் பாதைக்குப் போதாது. ஆகவே கனமான கவசமொன்றை நமது பட்டறையிலேயே செய்வதென முடிவாயிற்று.

தோட்டங்களில் வண்டிக்குக் கவசம் அணிவிப்பது புதிதன்று. 1948-ஆம் வருஷம் ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிரகடனமான பின்னர், துரைமார் பலர் தங்கள் மோட்டார்களுக்கு எஃகுத் தகடு பொருத்திக்கொண்டனர். அக்கவசம் துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சிச் செய்தது. நமது கவசம் கல்லுக்கு அஞ்சிச் செய்வது. அதே 1948-இல்தான் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் வண்டியும் வெளிவந்தது. போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் அமைத்தனர். வளைவுகளைக் கூடியமட்டும் எளிமையாக வைத்து, விலையுயர்ந்த அச்சுக்களின் செலவையும் தவிர்த்தனர். தகட்டை நேர்கோட்டில் மடிக்கத் தெரிந்தவனுக்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நமக்குப் பள்ளியில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டவை. எனவே படம் வரையும் பொறுப்பை நாமே விரும்பி ஏற்றோம். தகட்டின் கனம் 3 மில்லிமீட்டர். அக்கனத்தில் ஒரு சதுர மீட்டர் இரும்பு ஏறத்தாழ 23½ கிலோ நிறையுடையது. இதனினும் கனமாகச் செய்தால் வண்டியின் முன்வில்கள் தாழ்ந்துபோகும். அடிப்பாகம் 600 மில்லிமீட்டர், இருபுறமும் மேல்நோக்கி மடியும் விளிம்புகள் 60, 60. ஆக 720 என்று கூட்டி, கோடுகள் கீறிக் கொடுத்தோம். பட்டறைப் பெரியவர் அதனைப் பார்த்து, "கிராணியாரே, முதலில் ஒரு கழிவுத் துண்டை மடித்துப் பார்ப்போமே" என்றார். "கணக்கு சரியாக இருக்கிறது, அண்ணே" என்று நாம் விடையிறுத்தோம். அவர் மேலும் ஒன்றும் பேசவில்லை.

வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அவருக்குத் துணை. இருவரும் தகட்டை இரண்டு கோண இரும்புகளுக்கிடையே இறுக்கி, நீண்ட குழாயை நெம்புகோலாக்கி மடித்தனர். பின்னர் மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் தட்டி மூலையைச் சீர் செய்தனர். பொருத்தப் போனால், கவசம் வண்டிச் சட்டத்துக்குள் நுழையவில்லை! அடிப்பாகம் 600-க்குப் பதிலாக 605 நின்றது. உடனே நாம் அவ்விளைஞரைப் பார்த்து, "கோட்டைவிட்டு விலகி அடித்துவிட்டாய்" என்று கடிந்தோம். அவர் தலைகுனிந்து நின்றார்.

பெரியவர் எவரையும் கடியவில்லை. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டொன்றை வெட்டி, நடுவில் மடித்து, வெளிப்புறமாக இரு கைகளையும் அளந்து காட்டினார். கூட்டினால் 105 வந்தது! தகட்டை மடிக்கும்போது உட்புறம் சுருங்குகிறது, வெளிப்புறம் நீளுகிறது, நீளாமலும் சுருங்காமலும் இருப்பது நடுவே உள்ள ஒரு கோடு மாத்திரமே. ஆதலின் வெளியளவைக் கூட்டி வெட்டுகிறவன் இத்தகைய மடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கழித்தாக வேண்டும். 720 அன்று, 710-தான் சரி. பிழை சம்மட்டியினுடையதன்று, எழுதுகோலினுடையது.

சகோதரர்களே! அப்பொழுது நமக்கு உண்டான வெட்கம் தகடு வீணானதால் உண்டானதன்று. அளக்காமலே, ஆராயாமலே, கூலிக்காரர்மீது பழியைச் சுமத்த நமது நா எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைக் கண்டதால் உண்டானதாகும். அன்றாடம் செக்ரோலில் ஏற்படும் பிழைகளில் எத்தனைக்கு இவ்வாறே பிறரைக் குற்றவாளியாக்கினோமோ! அவ்விளைஞரிடம், பட்டறையில் இருந்தோர் அனைவர் முன்னிலையிலும், மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சம்மட்டியை நமது கையில் கொடுத்தார்.

இரண்டாவது கவசத்தை நாமும் கூடவே நின்று அடித்தோம். மடித்துவிட்டால் தகடு சிறிது பின்வாங்கும் என்றும், ஆகவே 90 பாகைக்குமேல் இரண்டொரு பாகை கூடுதலாக மடிக்க வேண்டுமென்றும், மூலையை மிகக் கூர்மையாக்கினால் வெடிப்பு உண்டாகும் என்றும் கற்றோம். எண்ணெய் மாற்றுவதற்கு ஒரு துளையும், சேறும் நீரும் தங்காமல் வடிவதற்குச் சில துளைகளும் இட்டோம். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆதலின் பூச்சில்லாத தகட்டையே எடுத்து, வேலை முடிந்தபின் வர்ணம் பூசினோம்.

இச்செய்தியைக் கேட்ட நமது உறவினர் ஒருவர், "படித்தவன் கொல்லன் வேலை செய்வதா?" என்றார். கொல்லனின் பிள்ளைதான் கொல்லவேலை செய்யவேண்டுமென்று வகுத்தவர்களே, அவ்வேலையின் அறிவையும் தம் பிள்ளைகளுக்கு இல்லாமற் செய்தனர். சாதி ஒழிக என்று மேடையில் முழங்குவது எளிது. பட்டறையில் ஒருவர் சொல்லும் சொல்லுக்குச் செவிகொடுப்பதே கடினம். நமக்கு அதனைக் கற்பிக்க ஒரு தகடு பாழாக வேண்டியிருந்தது.

பாழான அத்தகட்டை எறிந்துவிடவில்லை. ஆபீசில் நமது மேசைக்கருகே சார்த்தி வைத்திருக்கிறோம். செக்ரோலில் கணக்குப் பிசகும்போதெல்லாம், யாரையும் கூப்பிடுமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.