ஆந்தைக்கு ஒரு கண் பொய்

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் வேலை பார்ப்பவன். ஒலியியலுக்கும் எனக்கும் உள்ள உறவு காலையில் குக்கர் விசில் எண்ணுவதோடு சரி. இருந்தாலும் ஸ்பீக்கரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம் ஓர் ஆந்தை.

2022ல் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தோம். மறுவருடம் அப்பா தவறிப்போனதும் அம்மாவையும் அம்பாசமுத்திரத்திலிருந்து கூட்டி வந்துவிட்டேன். எழுபத்தாறு வயது. லேக் மார்க்கெட் பக்கம் போனால் காபிப்பொடி, முருங்கைக்காய் எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் எங்கள் குடியிருப்பில் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. நானும் மனைவியும் வேலைக்கு, மகள் பள்ளிக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை அம்மாவும் நான்கு சுவர்களும்தான்.

ஊரில் அம்மாவுக்குத் துணை ரேடியோ. திருநெல்வேலி வானொலி, அதற்கு முந்தின காலத்தில் இலங்கை வானொலி. அடுப்படியில் அது பேசிக்கொண்டே இருக்கும், அம்மா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கே எஃப்.எம்.மைத் திருகினால் எல்லாம் வங்காளமும் இந்தியும்.

இதைக் கவனித்தது நான் இல்லை, ஏழாவது படிக்கும் என் மகள். உண்டியலை உடைத்து, கரியாஹாட் நடைபாதைக் கடையில் 650 ரூபாய்க்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். ஆந்தை உருவம். உருண்டையான வயிறு, இரண்டு பெரிய கண்கள், வலது இறக்கையை அழுத்தினால் பாடும், இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். முதுகில் பென் டிரைவ் செருக இடம். வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுகளும் பி.சுசீலா பாடல்களும் ஏற்றிக் கொடுத்தேன்.

அம்மா பார்த்ததும் பதறிவிட்டார். "ஏ ஐயா, ஆந்தையவா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கிய?"

மகள் தயாராக இருந்தாள். "ஆச்சி, இந்த ஊர்ல ஆந்தைதான் லட்சுமியோட வாகனம். லட்சுமி பூஜைக்கு எல்லார் வீட்லயும் ஆந்தை இருக்கும்." உண்மைதான். நம்மூரில் அலறினால் ஆகாது என்று விரட்டும் பறவைக்கு வங்காளத்தில் தனி மரியாதை. லட்சுமி என்றதும் அம்மா இறங்கி வந்துவிட்டார். மகன் வங்கிக்காரன் வேறு, பொருத்தம்தானே :-)

ஒரு வாரம் ஆந்தை ஓகோ என்று ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "இன்னைக்கு வாரியார் என்ன கதைம்மா சொன்னார்?"

"நல்லாத்தான் சொன்னார். துவரம்பருப்பு தீரப்போவுது, வாங்கிட்டு வா."

மறுநாளும் கேட்டேன். மறுநாளும் பருப்புதான்.

சந்தேகம் வந்து அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டுப் பார்த்தேன். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல் இருந்தது. 'தொம் தொம்' என்று அதிர்வு, நடுநடுவே பிளாஸ்டிக் நடுங்கும் சத்தம். அம்மா காதை ஆந்தையின் மூக்குக்கு நேரே வைத்திருந்தார். தனியாகக் கேட்டதும் சொல்லிவிட்டார்: "ஒண்ணும் வெளங்கலைய்யா. பிள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கு, கேக்கலன்னு எப்படிச் சொல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்பீக்கரில் உள்ள கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று அதற்கு ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சிறியதானால் ஸ்பிரிங் இறுகிவிடும், கூம்பால் தாராளமாக அசைய முடியாது, தாழ்ந்த ஒலி எழும்பாது. ஹாஃப்மன் என்பவர் இதை ஒரு விதியாகவே சொல்லியிருக்கிறார். 1957ல் அமெரிக்காவில் தொடங்கிய கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் கடைசி எழுத்து இவருடையது. சிறிய பெட்டி, ஆழமான தாழ்ஒலி, குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்க மனசில்லாத மலிவு ஸ்பீக்கர்களில், வராத தாழ்ஒலிக்குச் சற்று மேலே உள்ள பகுதியைச் சர்க்யூட்டில் ஏற்றி வைத்துவிடுவது உண்டு. கடையில் கேட்கும்போது 'தொம்' என்று நெஞ்சில் அடிக்கும், வாங்கிவிடுவோம். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரநிர்ணயமும் கிடையாது. என் பாஷையில் சொன்னால், பி.எம்.பி.ஓ. என்பது அனுமதிக்கப்பட்ட மூலதனம், ஆர்.எம்.எஸ். என்பது செலுத்தப்பட்ட மூலதனம். எதைப் பார்த்துக் கடன் கொடுப்போம் என்று சொல்லத் தேவையில்லை.

வயதானவர்களுக்கு இது இரட்டை அடி. வயதாக ஆக முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு உயர்ந்த ஒலிகளுக்கு. அதனால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. படம், தடம், கடம் மூன்றும் ஒன்றாகிவிடும். அம்மாவுக்கு வேண்டியது தொம் தொம் இல்லை, வாரியாரின் சொல் ஒவ்வொன்றும்.

சரி, நல்ல ஸ்பீக்கராக வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். உருளை வடிவம், மேலிருந்து கீழ் வரை கறுப்பு, அநாவசிய அலங்காரம் எதுவும் இல்லை. கணீரென்று பேசியது. பழைய போன் ஒன்றையும் அதோடு இணைத்து, அம்மாவுக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து சார்ஜ் போடலாம் என்று எடுத்தால் முழுசாக இருக்கிறது. அம்மா அதைத் தொடவே இல்லை.

அந்தக் கறுப்பு உருளையின் பட்டன்களும் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி ரப்பர் மேடுகள். கண்ணாடி போட்டாலும் எது எதென்று தெரியாது. ஒருமுறை எதையோ அழுத்தப்போய் இங்கிலீஷில் ஒரு பெண் பேச, நீல விளக்கு மின்ன, அம்மா பயந்து வைத்துவிட்டார். "விலை கூடுன சாமான், கெட்டுப்போச்சுன்னா உனக்குல்லா நட்டம்." ஆந்தையையும் போடவில்லை. புதுசு வந்த பிறகு பழசைப் போட்டால் நான் வருத்தப்படுவேனாம். பேத்தி மனசு நோகாமல் ஒரு வாரம், மகன் மனசு நோகாமல் இரண்டு வாரம். மூன்று வாரமாக அந்த வீட்டில் அம்மா சும்மாதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கேட்க விளங்காத ஆந்தை ஒன்று, போடத் தெரியாத உருளை ஒன்று. பெரிய தொகையைப் போட்டு ஒரு பைசா வரும்படி இல்லாததை எங்கள் தொழிலில் வாராக்கடன் என்போம்.

கடைசியில் ஆந்தையைத் தூக்கிக்கொண்டு சாந்தினி சௌக்கில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த தாதா (இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள், நம்மூர் தாதா இல்லை) நாலு திருகாணியைக் கழற்றித் திறந்து காட்டினார். இடது கண்ணுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் சல்லடை. வலது கண்ணுக்குப் பின்னால் மட்டும் சின்னதாக ஒரு ஸ்பீக்கர். மெல்லிய பிளாஸ்டிக், பொருத்திய இடமெல்லாம் சந்து. தாதா பாதி இந்தி பாதி வங்காளத்தில் சொன்னதன் சாரம்: "முகம் வச்சிட்டாங்க, தொண்டை வைக்க மறந்துட்டாங்க."

இத்தனைக்கும் அந்த உருவத்தின் மேல் தப்பே இல்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் ஹாரி ஓல்சன் என்பவர் ஒரே ஸ்பீக்கரைப் பல வடிவப் பெட்டிகளில் வைத்துச் சோதித்து, 1950களின் தொடக்கத்தில் வெளியிட்டார். ஏற்ற இறக்கம் குறைவாகச் சீராக ஒலித்தது உருண்டை. விளிம்பில் ஒலி மோதிச் சிதறும், உருண்டைக்கு விளிம்பே இல்லையே! 1993ல் வந்த 'நாட்டிலஸ்' ஸ்பீக்கர் சுருண்ட நத்தை மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சுருள் வேடிக்கைக்கு இல்லை, பின்பக்க ஒலியை அடக்கும் குழாய் அது. ஆக, ஆந்தை வயிறு நல்ல வயிறுதான். உள்ளேதான் காலி.

தாதா கொஞ்சம் தரமான ஸ்பீக்கர் ஒன்றை மாற்றினார். சந்துகளைப் பசை வைத்து அடைத்து, உள்ளே பஞ்சு வைத்தார். மொத்தம் 400 ரூபாய். அவர் அலமாரி நிறையப் பழைய மர ரேடியோக்கள். மகாளயம் நெருங்குகிறதாம். அன்று விடிகாலை நான்கு மணிக்கு ஆகாசவாணியில் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் 'மகிஷாசுரமர்த்தினி' கேட்கத்தான் பலரும் ரேடியோவைத் தூசி தட்டுவார்களாம்.

1976ல் பத்ரருக்குப் பதிலாக, வங்காளமே கொண்டாடிய நடிகர் உத்தம்குமாரைப் பேச வைத்து வேறு நிகழ்ச்சி போட்டார்கள். ஜனங்கள் கொதித்துப்போய், பழைய குரலே திரும்ப வந்தது. அத்தனை அழகான முகம் இருந்தும், அந்த விடிகாலையில் அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல். அந்தக் கடையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது என் மடியில் ஆந்தை இருந்தது.

இப்போது ஆந்தை பேசுவது விளங்குகிறது. கறுப்பு உருளை அளவுக்குத் தரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா இருட்டிலும் தடவி இறக்கையை அழுத்துகிறார். நான் அலங்காரம் என்று ஒதுக்கிய அந்த இறக்கைதான் அம்மாவின் விரலுக்குத் தெரிந்த ஒரே பட்டன். உள்ளே தொண்டையும் வேண்டும், வெளியே இறக்கையும் வேண்டும். யார் காது, யார் விரல் என்று கேட்காமல் நாங்கள் இருவரும் வாங்கினோம். மகள் கண்ணை நம்பினாள், நான் காதை நம்பினேன். அதுவும் என் காதை!

நேற்று வீட்டுக்குள் நுழையும்போது அம்மா அடுப்படியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரென்று எட்டிப் பார்த்தேன். வாரியார்தான்.

பி.கு: பெரியவர்களுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். ஒரு சொற்பொழிவைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முடிந்தால் அவர்களையே அழைத்துப் போங்கள். உருளை இப்போது என் மகளிடம் இருக்கிறது. விலை உயர்ந்த அந்தப் பொருளுக்கு அவள் ஆந்தைக் கண் இரண்டு ஒட்டிவிட்டாள் :-)