ஆடிக் காத்தும் 18 கிலோவும்

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் வர்றவங்க பட்டிப்பொல ஸ்டேஷன் தாண்டினதும் கொஞ்சம் முழிச்சிருங்க. 1,891 மீற்றர் உயரத்தில இருக்கிற அந்த ஸ்டேஷனுக்கும் ஓஹியாவுக்கும் நடுவில ஒரு சுரங்கம் வரும். ரயில் மத்திய மாகாணத்தில உள்ளே நுழைஞ்சு ஊவாவில வெளியே வரும். ஜூலை, ஆகஸ்ட் மாசத்தில வந்தா பல நாள் இதைப் பார்க்கலாம்: நுழையும்போது ஜன்னலெல்லாம் மழைத்துளி, மறுபக்கம் வந்தா வெயில். இடையில இருந்தது கொஞ்ச நேர இருட்டு மட்டும்தான்.

எங்க தோட்டம் பசறைப் பக்கம். வார இறுதியில நாங்க சில பேர் சேர்ந்து லயத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். வளிமண்டலப் பாடம் வந்துச்சு. நைதரசன் 78 சதவீதம், ஒட்சிசன் 21, மிச்சம் இருக்கிறதில பெரும்பகுதி ஆகன், காபனீரொட்சைட்டு வெறும் 0.04. இதையெல்லாம் ஒரே மூச்சில ஒப்பிச்சிட்டாங்க. அப்புறம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டா:

"அக்கா, தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காத்து மழை கொண்டு வரும்னு எழுதினா மார்க்ஸ் குடுக்குறாங்க. ஆனா ஆடி மாசம் நம்ம பீலியில தண்ணியே வர்றதில்லையே?"

இதுக்குப் பதில் 'மழை மறைவுப் பிரதேசம்'. ரெண்டே சொல். அந்த ரெண்டு சொல்லை அவிழ்த்தா முழுப் பாடமும் உள்ளே இருக்கு.

முதல்ல, காற்றுக்குப் பாரம் இருக்கு. கடல் மட்டத்தில ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு மேல நிக்கிற காற்றுத் தூணோட பாரம் சுமார் 10 தொன். மேல ஏற ஏற நம்ம தலைக்கு மேல மிச்சமிருக்கிற காற்று குறையும், அமுக்கமும் குறையும். அப்புத்தளை உயரத்துக்கு வரும்போது கடலோர அமுக்கத்தில 85 சதவீதம்தான் இருக்கும். கொழும்புல வாங்கின சிப்ஸ் பக்கெட் அப்புத்தளை வரும்போது பலூன் மாதிரி உப்பி நிக்கிறது அதனாலதான். தண்ணியும் 100 பாகைக்குக் காத்திருக்காம 95 பாகையிலேயே கொதிச்சிடும். கொதிக்குதேன்னு இறக்கிட்டா பருப்பு வேகாது, விறகு இன்னும் கொஞ்சம் வேணும்.

பக்கெட்டுக்குள்ள இருந்த காற்று விரிஞ்ச மாதிரியே மலையில ஏறுற காற்றும் விரியும். விரியும்போது குளிரும். கீழே இறங்கினா அமுங்கிச் சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடுதே, அதே கதை. ஈரம் ஒடுங்காத காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய 1 பாகை மாறும். ஆனா மேகம் உண்டாக ஆரம்பிச்சா கதை வேற. நீராவி தண்ணியாகும்போது தனக்குள்ள வச்சிருந்த மறைவெப்பத்தை வெளியே விட்டுடும். அதனால மேகத்துக்குள்ள ஏறுற காற்று 100 மீற்றருக்கு அரைப் பாகை அளவுதான் குளிரும்.

இதை வச்சு பிள்ளைகளோட கரும்பலகையில ஒரு கணக்குப் போட்டோம். மேற்குக் கரையில 28 பாகையில காற்று புறப்படுது. 500 மீற்றர் ஏறுறதுக்குள்ள 5 பாகை குறைஞ்சு 23. அங்க மேகம் கட்டுது. இனி 2,000 மீற்றர் மலை உச்சி வரைக்கும் அரைப் பாகைக் கணக்கு: இன்னும் 7.5 குறைஞ்சு 15.5. வழியெல்லாம் மழையைக் கொட்டிட்டுத்தான் உச்சிக்கு வருது. இப்ப இந்தப் பக்கம் இறங்கணும். ஈரம் போயிடுச்சு, அதனால முழுப் பாகைக் கணக்கு. பதுளை நகரம் இருக்கிறது சுமார் 680 மீற்றர்ல. 1,320 மீற்றர் இறங்கினா 13 பாகைக்கு மேல ஏறும். விடை ஏறக்குறைய 28.7. இதே காற்று மேற்குச் சரிவில 680 மீற்றரைத் தாண்டினப்போ 22 பாகைதான் இருந்துச்சு. ஒரே உயரம், ஒரே காற்று, 6 பாகைக்கு மேல வித்தியாசம். நிஜ மலையில கணக்கு இவ்வளவு சுத்தமா வராது, ஆனா திசை இதுதான். வட்டவளையில வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல மழை, பதுளையில சுமார் 1,800.

புவியியல்காரங்க இப்படிக் காய்ஞ்சு இறங்குற காற்றை 'போன்' என்பாங்க. அல்ப்ஸ் மலைப் பக்கத்துப் பெயர். நம்ம நாட்டிலேயே பெயர் இருக்கு. மலையிலிருந்து இறங்கி இன்னும் கிழக்கே போனா மட்டக்களப்பு ஆட்கள் அதைக் கச்சான் காத்துன்னு சொல்றாங்க. (கடலை விக்கிற கச்சான் வேற, இது வேற.) எங்களுக்கு அது ஆடிக் காத்து. தகரம் பறக்காம இருக்க லயத்துக் கூரையில கல்லு வைக்கிற காலம். மானாப்புல் மலைகள்ல நெருப்புப் பிடிக்கிறதும் அப்பதான்.

இனிதான் எனக்கு முக்கியமான விஷயம். உலகத்தில 'ஊவா தேயிலை'ன்னு பேர் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் காத்துதான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் இந்தக் காய்ஞ்ச காத்துல செடி தவிக்கும். இலைத் துளைகளை மூடிக்கும், வளர்ச்சியைக் குறைக்கும், வாசனைப் பொருள்களைக் கூடுதலா உண்டாக்கும். அதில ஒண்ணு மெதைல் சலிசிலேற்று. வலிக்குப் பூசுற தைலத்தில ஒரு குளிர்ச்சியான மணம் வருமே, அதைக் கொடுக்கிற பொருள். ஊவா சீசன் தேயிலைக்கு ஏலத்தில தனி மதிப்பு இருக்கிறது இந்த மணத்தாலதான்.

ஆனா செடி வளர்ச்சியைக் குறைச்சா கொழுந்து எப்படி வரும்? எங்கம்மா கொழுந்து பறிக்கிறவங்க. ஆடி மாசத்தில கூடை நிறையாது. மலையில அரும்பு கொஞ்சம், வங்கி கூட. பல தோட்டங்கள்ல ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கேக்கிறாங்க. காத்து காலத்தில குறைக்கிற தோட்டமும் இருக்கு, குறைக்காததும் இருக்கு. எங்க தோட்டத்தில ஒரு வருஷம் குறைக்கல. அம்மாவுக்கு அந்த மாசம் பாதி நாள் அரைப் பேர்தான். தராசு முன்னால நின்னு "காத்து அடிக்குதுய்யா, கொழுந்து எங்க இருக்கு"ன்னு அம்மா கேட்டதுக்கு, எல்லாருக்கும் ஒரே சட்டம்னு பதில் வந்துச்சு. கொழுந்தோட மணத்தைக் கூட்டுற அதே வெப்பமும் வறட்சியும்தான் அதோட நிறையைக் குறைக்குது. மணத்துக்கான விலை ஏலத்தில கிடைக்கும், நிறைக்கான வெட்டு அம்மா சம்பளத்தில விழும். வளிமண்டலப் பாடத்தில இந்தப் பகுதிக்குக் கேள்வி வராது.

ஐப்பசி வந்தா நிலைமை தலைகீழ். தென்மேல் காத்து ஓய்ஞ்சிடும். மத்தியானத்துக்கு மேல இடி மழை. அப்புறம் வடகீழ்க் காத்து வங்காள விரிகுடாவிலிருந்து வந்து நேரா நம்ம சரிவுல முட்டும். இப்ப மழை வாங்குற பக்கம் நாம. கூடவே புயலும் தாழமுக்கமும். கொஸ்லந்தை மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில மலை இறங்கி லயங்களை மூடினது இந்தக் காலத்திலதான். அந்த இடம் ஆபத்து, ஆட்களை மாத்துங்கன்னு அதுக்கு முன்னாடியே எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ பதுளை மாவட்டத்தில மறுபடி மலைகள் சரிஞ்சது. காற்று ஒரு பாகை சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவியைத் தாங்கும்; பூமி சூடாக ஆக, கொட்டும்போது கூடுதலாக் கொட்டும்.

அதனால வகுப்பில நாங்க மழைமானி செஞ்சோம். நெளிவு இல்லாத பிளாஸ்டிக் போத்தலை மேல்பக்கம் வெட்டி, வெட்டின துண்டைப் புனல் மாதிரி கவிழ்த்து வச்சாப் போதும். அடிப்பக்கம் குழிவா இருக்கும், அங்க கூழாங்கல்லு போட்டு, நேரான பகுதி தொடங்குற வரைக்கும் தண்ணி ஊத்தி அதைப் பூச்சியம்னு குறிக்கணும். அதுக்கு மேல ரூலரை ஒட்டினா மில்லிமீற்றர். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிட்டு, பூச்சியம் வரைக்கும் தண்ணியைக் குறைக்கணும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு இது: 24 மணித்தியாலத்தில 75 மில்லிமீற்றர் தாண்டினா விழிப்பா இருக்கணும், 100 தாண்டினா கிளம்பத் தயாராகணும், 150 தாண்டினா உடனே வெளியேறணும். ஒரே மணித்தியாலத்தில 75 தாண்டினாலும் அப்படித்தான்.

ஒரு மில்லிமீற்றர்னா ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 150 மில்லிமீற்றர் பெய்ஞ்சா, பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவோட கூரையில மட்டும் ஏறக்குறைய 1,670 லீற்றர் விழும். ஒரு ஏக்கர் தேயிலை மலையில 600 தொன். இந்தக் கணக்கையும் பிள்ளைகளே போட்டாங்க. பீலியைப் பத்திக் கேட்ட அதே பிள்ளை கொப்பியை மூடாம உக்காந்திருந்தா.

"150 ஆனா எங்கக்கா போறது? கோயிலும் இதே மலையிலதானே இருக்கு. ஸ்கூலும்."

தோட்டத்து வரைபடம் எங்க யார்கிட்டயும் இல்ல. அடுத்த கிழமை பிள்ளைகளோட நடந்தே ஒண்ணு வரையப் போறோம். எந்த லயத்துக்கு மேல சரிவு, தண்ணி எந்தப் பக்கம் இறங்குது, ராத்திரியில நடந்து போற மாதிரி தட்டையான இடம் எது. அந்த வரைபடத்தோட மழைக் கணக்குக் கொப்பியையும் எடுத்துக்கிட்டு கிராம உத்தியோகத்தர்கிட்ட போறதா இருக்கோம்.