சாவித்திரியின் முகத்திலிருந்து கிருஷ்ணையின் பிறப்பிடம் வரை

பயணம் போய்வந்தவர்கள் எழுதுவதே சங்க மலர்களின் மரபு. நான் எழுதப் புகுவது இன்னும் போகாத பயணத்தைப் பற்றி. வரும் டிசம்பரில் புணேயிலிருந்து சகியாத்திரி மலையை இறங்கிக் கொங்கணக் கடற்கரையைத் தொட்டு, மறுபடியும் மலையேறி மகாபலேசுவரம் வழியாக வீடு திரும்ப எண்ணியுள்ளேன். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், ஆறு நாள், மிதிவண்டி. எனக்கு வயது அறுபத்து நான்கு. துணைக்கு வருபவர் என்னோடு ஒரே பணிமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற மராத்திய நண்பர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

1983-இல் நான் சென்னையிலிருந்து இங்கு வந்தபோது புணேயை மிதிவண்டி நகரம் என்றே வழங்கினர். காலைச் சங்கு ஊதுமுன் ஆலை வாயிலில் மணியோசை ஆறாகப் பெருகும். அந்த ஆற்றில் ஒரு துளியாகச் சேர்ந்துதான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன். மராத்தி மொழியின் முதற் சொற்களைக் கற்றதும் பஞ்சர் ஒட்டும் கடையில்தான்.

இப்போது பிரச்சினை வேறு. ஓய்வு பெற்றவர் வீடுகளில் எழும் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்துவிட்டது: ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா? என் மனைவிக்குச் சென்னையில் அக்காள் தங்கை இருக்கிறார்கள். எனக்கு இங்கே தெருக்கோடி வரை நட்பு. வீட்டை விற்பதா வைப்பதா என்ற பேச்சு தொடங்கினால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது. முடிவு எதுவாயினும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் என்னைத் தாங்கிய இந்நிலத்தை ஒருமுறை என் கால்களால் அளந்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிறந்தது.

சுற்றுப்பாதையை எந்தத் திசையில் சுற்றுவது என்பதே முதற் கேள்வி. முதலில் மகாபலேசுவரம் ஏறிவிட்டுக் கடலுக்கு இறங்கலாம் என்றார் நண்பர். நான் வரைபடத்தை விரித்து மறுத்தேன். குளிர்காலத்துப் பிற்பகலில் கொங்கணக் கரையில் கடற்காற்று வடமேற்கிலிருந்து வீசும். கரையோரம் தெற்கே சென்று, பிறகு உள்நாட்டை நோக்கிக் கிழக்கே திரும்பினால் அக்காற்று முதுகைத் தள்ளும். எதிர்த்திசையில் போனால் அதே காற்று மார்பில் மோதும். இன்னொன்றும் உண்டு. போலாத்பூரிலிருந்து ஏறும் ஆம்பேனளி மலைப்பாதை மேற்குச் சரிவில் அமைந்தது. விடியலில் ஏறத் தொடங்கினால், வெயில் முகட்டைத் தாண்டி வரும்வரை மலையே நிழல் தரும். இதைக் கேட்டபின் நண்பர் மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்தது கணக்கு. போலாத்பூர் கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயர்ந்ததன்று. மகாபலேசுவரமோ 1,300 மீட்டருக்கு மேல். இடைத்தொலைவு 40 கிலோமீட்டர். என் பழைய கறுப்பு வண்டியில் ஒரு மிதிக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதளத்தில் அது பெருமை, மலையில் அதுவே சுமை. புதிதாக வாங்கியுள்ள கியர் வண்டியில் முன்னே 22 பல், பின்னே 34 பல் என்று சங்கிலியை மாற்றிக்கொண்டால் ஒரு மிதிக்கு 1.3 மீட்டர்தான் நகரும். ஆனால் நிற்காமல் நகரும். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் என்று வைத்தால் ஐந்து மணி நேரம். மலையைத் தொலைவால் அளப்பவன் ஏமாறுவான்; ஏற்றத்தாலும் நேரத்தாலும் அளக்க வேண்டும்.

இனி நாட்களின் பகுப்பு. முதல் நாள் முள்சி ஏரியோரம் சென்று தாம்ஹிணிப் பாதையில் இறங்கி மாண்காவ். இறக்கம்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. நீண்ட இறக்கத்தில் கைகளும் பிரேக் கட்டைகளும் ஒருங்கே தேயும். இரண்டாம் நாள் ஸ்ரீவர்தன் வழியாக ஹரிஹரேசுவர். 1713-இல் பேஷ்வா பதவியேற்ற பாலாஜி விசுவநாதர் ஸ்ரீவர்தன் ஊரினர். அவர் கரையிலிருந்து மலையேறிப் பிழைக்க வந்தவர்; அவர் வழியினர் புணேயிலிருந்து ஆண்டனர். பிற ஊரிலிருந்து வந்தவர் என்று நம்மை யாரேனும் சொன்னால் எனக்கு இந்த நினைவு வரும்.

மூன்றாம் நாள் பாகமாண்டலாவில் வண்டியோடு படகேறி, சாவித்திரி ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து வேஷ்வியில் இறங்கி, மண்டணகட் வழியாக மகாட். கரைச்சாலை என்றதும் சமதளம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு கழிமுகத்துக்கும் இறங்கி, ஒவ்வொரு மேட்டுக்கும் ஏறவேண்டும். சிறு ஏற்றங்கள் பல கூடினால் ஒரு பெருமலையாகும். அதனால் அன்று தொலைவைக் குறைத்தே வைத்தோம். நான்காம் நாள் பெரிய ஏற்றம். ஐந்தாம் நாள் பாஞ்ச்கணி கடந்து பசரணிப் பாதையில் வாயி நகருக்கு இறக்கம். ஆறாம் நாள் புணே.

மகாட்டில் ஒரு மாலை முழுதும் தங்க வேண்டும் என்பது என் நிபந்தனை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று நீர் பருகிய சவதார் குளம் அங்கே உள்ளது. பொதுக்குளத்து நீர் யாவர்க்கும் உரியது என்று நிலைநாட்ட ஒரு மனிதர் கைநீட்டிய இடத்தைக் குடிநீர்ப் புட்டியோடு விரைந்து கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

அதே ஊரருகே, 2016 ஆகஸ்ட் 2 இரவில், சாவித்திரியின் வெள்ளத்தில் வெள்ளையர் காலத்துப் பாலம் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகள் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டன. மறு ஆண்டே புதிய பாலம் எழுந்தது. 2021 சூலையில் பெருமழையால் ஆம்பேனளிப் பாதையும் சரிந்து அடைபட்டது. மழைக்காலத்தில் இம்மலைகளின் அருவியழகைப் புகழாதார் இல்லை; ஆயினும் நாங்கள் டிசம்பரைத் தேர்ந்தது இதனால்தான்.

பெங்களூரில் இருக்கும் என் மகள் தொலைபேசியில் மூன்று விதிகள் விதித்தாள். “அப்பா, டாக்டர்கிட்ட டிரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கணும். நாடித் துடிப்பு 130-ஐத் தாண்டினா இறங்கி நிக்கணும். ஒவ்வொரு நாளும் எந்த இடத்துல திரும்பலாம்னு முன்னாடியே எழுதி அம்மாகிட்ட குடுக்கணும்.” முதலிரண்டும் எளியவை. மூன்றாவதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. எங்கெல்லாம் பேருந்து நிற்கும், எங்கே வண்டியை மேலே ஏற்றிக் கட்டலாம் என்று பட்டியலிட்டேன். வியப்பு என்னவெனில், அப்பட்டியல் முடிந்தபின் அச்சம் பாதி குறைந்தது. திரும்பும் வழி தெரிந்தவனே துணிந்து முன்செல்கிறான்.

இவ்வளவும் எழுதி முடித்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. நாங்கள் வகுத்த பாதை, சாவித்திரி கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கி அவள் பிறந்த மலைக்கே ஏறிச் செல்கிறது. பழைய மகாபலேசுவரத்தில் பஞ்சகங்கை ஆலயத்தில் சாவித்திரி, காயத்ரி, கொய்னா, வெண்ணா, கிருஷ்ணா என ஐந்து ஆறுகள் பிறப்பதாக மரபு. சாவித்திரி மேற்கே பாய்ந்து விரைவில் கடலடைகிறாள். கிருஷ்ணையோ கிழக்கே திரும்பி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலைச் சேர்கிறாள். நான் வேலை தேடி இங்கு வந்த அதே 1983-இல்தான் கிருஷ்ணை நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் ஒப்பந்தம் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே கையெழுத்தாயிற்று. மராட்டியமும் கருநாடகமும் ஆந்திரமும் தத்தம் பங்கில் 5 டி.எம்.சி. வீதம் விட்டுத்தர இசைந்திருந்தன. 1996-இல் அந்நீர் பூண்டி ஏரியை அடைந்தது. என் மைத்துனியின் சமையலறைக் குழாயில் வரும் நீரில், நான் ஏறப்போகும் மலையின் மழையும் சிறிது கலந்திருக்கலாம்.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்திருந்தாள். பிறகு, “நான் பஸ்ஸில் வாயிக்கு வந்துடறேன், ரெண்டு பேருக்கும் தயிர்சாதம் கட்டிண்டு வரேன்” என்றாள். ஐந்தாம் நாள் மாலை வாயியின் டோல்யா கணபதி கோயில் படித்துறையில், கிருஷ்ணையின் கரையில், எங்களுக்காகக் காத்திருப்பாள். வீட்டை விற்பதா வைப்பதா என்ற பேச்சை அதுவரை எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். பழுது பார்க்கும் பெட்டியில் இரண்டு உட்குழாய், ஒரு சங்கிலிக் கொக்கி, சாவிக்கொத்து எல்லாம் வைத்தாயிற்று. பிரேக் கட்டைகள் மட்டும் இன்னும் வாங்கவில்லை.