மாதாவின் பாதரட்சை

இராமேசுவரம், பாம்பன் கரையில் வாழும் நமக்கு மணலும் பனையும் உடைமரமுமே பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் பங்கு மக்களுடன் மலைநாடு சென்றபோது, ஒரு தோட்டத்தில் செருப்பு வடிவான ஆர்க்கிட் மலரைக் கண்டோம். "சாமி, இது குழந்தை இயேசுவின் செருப்பா?" என்றாள் ஒரு சிறுமி.

அவள் கேள்வி வீணன்று. இக்குடும்பத்து மலரொன்றை ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முற்காலத்தில் 'மாதாவின் பாதரட்சை' என்றே அழைத்தனர்.

செருப்பாகத் தோன்றுவது பை போன்ற ஓர் இதழ். அதனுள் தேன் இல்லை. நிறத்தால் ஏமாந்து வரும் ஈ வழுக்கி உள்ளே விழும். வந்த வழியே ஏற இயலாது. பின்புறத்து ஒடுங்கிய வழியே வெளியேறுகையில் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். அடுத்த மலரில் அது சூல்முடியைச் சேரும். ஈக்குத் தீங்கில்லை.

தென்னிந்தியாவில் இவ்வினத்தில் ஒன்றே உண்டு. பொதிகை மலைத்தொடரில் 1865-இல் கர்னல் ட்ரூரி கண்ட மஞ்சள் மலர் அது. அழகே அதற்குப் பகையாயிற்று. வேரோடு பெயர்த்துச் சென்றோரால் அழிந்ததென்றே கருதப்பட்டு, 1972-இல் மீண்டும் காணப்பட்டது, மறுபடியும் பறிபோயிற்று. இன்று காட்டிலெடுத்த செடிகளின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடையுண்டு.

நம் கடலட்டையும் கடற்குதிரையும் இவ்வாறே அள்ளப்பட்டன. 2001-இல் அரசின் தடை வந்தது. அதனால் அடுப்பெரியாத வீடுகளையும் நான் அறிவேன். அளவோடு எடுத்திருந்தால் இந்நிலை வந்திருக்குமோ?

மலர் தன்னிடம் வந்த ஈயை உயிரோடு அனுப்புகிறது. மலரிடம் வந்த மனிதனோ அதை உயிரோடு விட்டுவைக்கவில்லை.