போத்தலில் வரும் ஆண்டு

ஊரில் சலாது என்றால் சோஸ் தேவைப்பட்டதில்லை. தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி, உப்பு. இங்கே வுப்பர்டாலில், உணவகக் குசினியில், இலையை விடப் போத்தலுக்குத்தான் மதிப்பு என்பதை நாங்கள் கோப்பை கழுவத் தொடங்கிய முதல் கிழமையிலேயே விளங்கிக்கொண்டோம்.

சுப்பர்மார்க்கெற் தட்டுகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பெயர் கியூன. 1722இல் பேர்லினில் ஒரு வினாகிரித் தயாரிப்பாகத் தொடங்கியது அது. தொடக்கியவர் கியூன அல்ல, யோஹான் டானியல் எப்பினியுஸ். 1832இல் கார்ல் ஏர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் கியூன பொறுப்பேற்க, பெயர் அவருடையதாயிற்று. இன்று கடுகு, ஊறிய வெள்ளரிக்காய், சிவப்புக் கோவா, சலாதுக்கு ஊற்றும் சோஸ் எல்லாம் அந்தப் பெயரில் வருகின்றன. எப்பினியுஸை யாருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகத்தில் நடுவழியில் விட்டுவந்த இரசாயனவியல் இதற்காவது உதவுகிறது. மதுசாரம் காற்றுப்பட, பற்றீரியாவால் அசற்றிக் அமிலமாகிறது. ஊரில் காலையில் இறக்கிய கள் மேலும் மேலும் புளித்துப் போவதும் இதனால்தான். 1823இல் ஷூட்சன்பாக் என்ற ஜேர்மானியர் பீச் மரச்சீவல்களின் மேல் மதுசாரத்தை ஒழுகவிட்டு, வாரக்கணக்கான வேலையை நாட்கணக்காக்கினார்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் கிழக்கிலிருந்த தொழிற்சாலைகள் பறிபோயின. நிறுவனம் ஹம்பேர்க்கைத் தலைமையிடமாக்கியது. ஊரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, ஆண்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. 1722 என்பதற்கு யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. எங்களிடமோ புறப்பட்ட திகதி, வந்த வழி, படித்த வருடம் ஒவ்வொன்றுக்கும் கடதாசி கேட்டார்கள்.

அமெரிக்காவில் ஸ்ரீவ் ஹென்சன் என்ற குழாய் வேலைக்காரர் அலாஸ்காவில் தொழிலாளருக்குச் சமைத்தபோது, மோரில் பூண்டும் இலைவகைகளும் கலந்து ஒரு சோஸ் செய்தார். 1954இல் கலிபோர்னியாவில் பண்ணை வாங்கி, ஹிடன் வலி என்று பெயரிட்டு, அங்கே அதை விருந்தினருக்குக் கொடுத்தார். 1972இல் அந்தப் பெயரைத் துணி வெளுக்கும் திரவம் விற்கும் குளோரொக்ஸ் நிறுவனம் 80 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 1983இல் அது போத்தலில் வந்தது. பரவாயில்லை, அவர் விலை பேசி விற்றார்.

எங்கள் உணவகத்தில் போத்தல் சோஸுக்குள் நாங்கள் தயிரும் தேசிக்காய்ப்புளியும் அரைத்த பச்சைமிளகாயும் கலக்கிறோம். சாப்பாட்டு அட்டையில் அதற்கு 'வீட்டுச் சோஸ்' என்று பெயர். வீடு யாருடையது என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை. போன மாதம் முதலாளி அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். தாள் இன்னும் எங்கள் சட்டைப்பையில் வெறுமையாக இருக்கிறது.