பாட்டிக்கு ஒரு குச்சி ஐஸ்

எங்கள் பங்கில் ஒரு வீட்டில் எண்பதைக் கடந்த பாட்டிக்காகவே குச்சி ஐஸ் செய்கிறார்கள். புற்றுநோய் மருந்தினால் அவர் வாயெல்லாம் புண், சோறு இறங்குவதில்லை. குளிர்ச்சி ஒன்றே எரிச்சலைத் தணிக்கிறது. ஆரஞ்சும் எலுமிச்சையும் புண்ணில் பட்டால் எரியுமாதலால், பேரப்பிள்ளைகள் தர்பூசணியைத் தேர்ந்தார்கள். விதை நீக்கி, மசித்து, வடிகட்டிச் சிறு தம்ளர்களில் ஊற்றுகிறார்கள். பாதி உறைந்த பின்னரே குச்சியை நடவேண்டும். முன்னமே நட்டால் சாய்ந்துவிடும். குளிரில் இனிப்பு நாவுக்குக் குறைந்தே தெரிவதால் பழம் நன்கு கனிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவள் இரண்டாம் வகுப்புச் சிறுமி!

முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றேன். பாட்டியின் கையில் பாதி கரைந்த ஐஸ். "இதத் தின்னுட்டேனே சாமி, நன்மை வாங்கலாமா?" என்று கலங்கினார். ஒரு மணி நேர நோன்பு முதியோரையும் நோயாளரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 919இல் கூறுகிறது. சொன்னேன்; முகம் தெளியவில்லை. நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் முதல் நன்மை வாங்கிய தலைமுறை அவர். சட்டம் தளர்ந்தாலும் உள்ளம் எளிதில் தளர்வதில்லை.

பேத்தி ஐஸை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் கொணர்ந்தாள். நற்கருணையின் சிறு துண்டைப் பாட்டி தண்ணீரோடு விழுங்கினார். செபம் முடிந்ததும் சிறுமி மீதி ஐஸை மீண்டும் அவர் கையில் கொடுத்தாள்.